நேராத்தான் இருக்கு

அவர் எடுத்த படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கழுத்தைச் சாய்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்பது அன்றன்றைக்கு மாறும். மதியத்துக்கு மேல் எங்கள் அலுவலகத்தில் யாராவது காதைத் தோளில் ஒட்டவைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால், அண்ணாச்சி கிராமத்திலிருந்து படம் அனுப்பிவிட்டார் என்று அர்த்தம்.

அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஆடு மாடுகளுக்கு இன்சூரன்ஸ் போடும் கம்பெனி ஒன்றின் கிளை. நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் மாட்டுக்குமான உறவு காலை காப்பியோடு சரி. நாங்கள் தறிக்காரக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அண்ணாச்சிக்கு இது பெரிய வேடிக்கை. "ஏந் தாயி, ஒங்க தெருவுல ஒரு மாடு இருந்தா அது எந்தப் பாசையில கத்தும்?" என்று சேர்ந்த முதல் நாளே கேட்டார்.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்கள் அவருடைய பொறுப்பு. பைக்கில் போவார். ஹெல்மெட் எப்போதும் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து பயணம் செய்யும். இன்சூரன்ஸ் போட வேண்டிய மாட்டின் காதில் எண் பதித்த மஞ்சள் வில்லை ஒன்றை மாட்டுவார். ஊர்க்காரர்களுக்கு அது கம்மல். கம்மலோடு மாட்டைப் போட்டோ எடுத்து கம்பெனியின் ஆப்பில் ஏற்ற வேண்டும். அதே மாடு இறந்துபோனால் மறுபடி போய், இறந்த மாட்டையும் எடுத்து ஏற்ற வேண்டும். ஆப்பில் ஒரு கண்டிப்பு உண்டு. அதற்குள்ளேயே எடுக்க வேண்டும், எடுத்தது எடுத்ததுதான். பிறகு திருப்ப முடியாது, வெட்ட முடியாது; வேண்டுமானால் அனுப்பும் முன் வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். ஏமாற்றுகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. அண்ணாச்சியைப் போல ஒருவர் இருப்பார் என்று அதைச் செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

அவர் போனைப் பார்த்துப் படம் எடுக்கிறவர் இல்லை. மாட்டைப் பார்த்து எடுக்கிறவர். போனை ஒரு கையில் எப்படியோ கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை மாட்டின் பக்கம் வைத்து, "கொஞ்சம் இங்கிட்டுப் பாருங்க... காதக் காட்டுங்க... அம்புட்டுத்தான், முடிஞ்சு போச்சு" என்று மரியாதையாகப் பேசுவார். மாடுகளுக்கு எப்போதும் 'வாங்க, போங்க'தான். மதுரையில் இருந்த எங்கள் மேலதிகாரியைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் பேசும்போது இந்த மரியாதை இருக்காது. படம் எடுத்ததும் போனைப் பால் கவருக்குள் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார். புழுதி பட்டுவிடக் கூடாதாம். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

படங்கள் அதற்கேற்ற மாதிரிதான் வரும். ஆடுகள் சுவரில் நடந்துபோகும். வைக்கோல் படப்பு ஆகாயத்திலிருந்து தொங்கும். ஒரு நாள் சென்னையில் படங்களைச் சரிபார்க்கும் இடத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், புதுசா இன்சூரன்ஸ் போட்டிருக்கிற மாடு படுத்துக் கிடக்குதே. உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கு சார். மாடு நிக்குது. படம்தான் படுத்திருக்கு."

சாயங்காலம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் என் மேஜைக்கு வந்து, திரையில் பக்கவாட்டில் கிடந்த மாட்டை நிமிர்ந்த தலையோடு பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு" என்றார்.

"அண்ணாச்சி, மாட்டோட முதுகு சன்னல் பக்கம் இருக்கு. காலு கதவுப் பக்கம் இருக்கு."

"நான் எடுக்கும்போது நேராத்தான் இருந்துச்சு. அனுப்புற வழியில சாஞ்சிருக்கும். திருச்சுழி ரோடு என்ன லெச்சணத்துல கெடக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

தவறு என்ற சொல் அவருக்குத் தெரியும். அது மற்றவர்களுக்கு உரியது. காரணங்களுக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது. கண்மாய்க் கரையில் ஆடு நின்றதால் சரிவு. காற்று. வெயிலில் போனுக்கு மயக்கம். ஒரு முறை மிகவும் யோசித்து, "போன் செஞ்சவன் சீனாக்காரன். அவனுக்கு நரிக்குடி எந்தத் திசையில இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றார். சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடித்தார். இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது என்பது போல இருந்தது அந்த டீ குடித்த விதம்.

என் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்தார். வேட்டி சட்டையில் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மாதிரி இருந்தார். எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கும்போது என் வருங்கால மாமியாரை நிறுத்தி ஒரு படம் எடுத்து, குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அனுப்பச் சொல்லி என் தம்பியிடம் கொடுத்தார். பட்டுச் சேலையோடு என் மாமியார் குழுவில் படுத்துக் கிடந்தார். போனைத் திருப்பிப் பார்க்கலாம் என்றால் போனோடு சேர்ந்து படமும் திரும்பிக்கொள்கிறது. நாம் எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர் விடாமல் படுத்துக்கொள்கிறார். கடைசியில் என் அப்பா போனைத் தலையணை மேல் நிமிர்த்திச் சாத்திவைத்துவிட்டு, பாயில் ஒருக்களித்துப் படுத்து, தன் சம்பந்தியம்மாளை நேராகப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்துச் சம்பந்தியம்மாளே அறைக்குள் வந்துவிட்டார். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் இன்றைக்கும் என் மாமியார் அண்ணாச்சியைப் பற்றிக் கேட்கும்போது "என்னையப் படுக்கவச்சாரே, அவுக எப்படி இருக்காக?" என்றுதான் கேட்கிறார்.

படம் ஏன் சாய்கிறது என்று நான் ஒரு நாள் அவருடைய போனையே வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. போனை நிமிர்த்திப் பிடித்தால் எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரிகிறது. தரையைப் பார்த்துக் கவிழ்த்தால் திசை குழம்பி, தனக்குத் தோன்றிய பக்கத்தை மேல் என்று வைத்துக்கொள்கிறது. முதலில் நிமிர்த்திப் பிடித்து, திரையில் இருக்கிற சின்னச் சின்னக் குறிகள் நேராகிவிட்டனவா என்று பார்த்துவிட்டு, பிறகு மெதுவாகக் கீழே சாய்த்தால் போதும். படம் ஒழுங்காக வரும். எடுத்தபின் ஒரு தடவை பார்க்கவும் வேண்டும்.

சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் படம் கோணலா எடுக்குறவகளுக்குத் தாயி" என்றார்.

அந்த மாதம் மதுரையில் நடந்த கூட்டத்தில் மேலதிகாரி இதே பேச்சை எடுத்தபோது, அண்ணாச்சி எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "எம் படம் ஒண்ணுகூடக் கோணல் கெடையாது சார். எல்லாம் நேராத்தான் எடுத்திருக்கேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸில் திரும்பும்போது அதை எங்களுக்கு நடித்தும் காட்டினார்.

அந்த வருடம் மழை தள்ளிப்போனது. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் விதைத்த சோளம் வாடி நின்றது. வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், மாட்டைத் தவிர. கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மேய்ந்த ஒரு பசு, வீடு திரும்பும் முன்பே வரப்போரம் விழுந்து செத்துப்போனது. அதன் சொந்தக்காரிக்கு அந்த ஒரு பசுதான். புருஷன் கேரளாவில் ரோடு வேலை. அவர் அனுப்புவது ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. டீக்கடைகளுக்குப் பால் ஊற்றித்தான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி போய் இறந்த பசுவைப் படம் எடுத்து ஏற்றினார். மாட்டு டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். அன்றைக்கே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். கம்மலைக் காதோடு அறுத்து அலுவலகத்தில் ஒப்படைத்தாகிவிட்டது. எல்லாம் முறைப்படி நடந்தது.

கொஞ்ச நாள் கழித்து சென்னையிலிருந்து பதில் வந்தது. படத்தில் மாடு உயிரோடு நிற்கிறது, சான்றிதழை நம்ப முடியாது, ஆகவே கோரிக்கை தள்ளுபடி.

படத்தைத் திறந்து பார்த்தோம். உண்மைதான், நின்றது. பக்கவாட்டில் விழுந்து, கால்களை விறைப்பாக நீட்டிக் கிடந்த பசுவை, வால் பக்கம் நின்று கையை உயர்த்தி மேலிருந்து எடுத்திருக்கிறார் அண்ணாச்சி. படம் ஒரு சுற்றுச் சுற்றி, நாலு கால்களும் கீழே வந்துவிட்டன. பின்னால் இருந்த கரிசல் மண் கறுப்புச் சுவர் போலத் தெரிந்தது. பசு கண்ணைத் திறந்தபடி, சுவரோரம் கட்டிப்போட்ட மாடு மாதிரி கம்பீரமாக நின்றது. எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "மெட்ராசுல இருக்கவனுக்கு மாடு நிக்கிறதும் தெரியாது, கெடக்குறதும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

சிரிக்கிற விஷயம் இல்லை என்பது அந்தப் பெண் வந்தபோதுதான் புரிந்தது. ஊரில் பேச்சு கிளம்பிவிட்டதாம். உயிரோடு இருந்த மாட்டின் காதை அறுத்துக்கொண்டு, மாட்டைக் கேரளா லாரியில் ஏற்றி விற்றுவிட்டாள் என்று. புருஷன் அங்கே இருப்பது பேச்சுக்கு வசதியாகப் போய்விட்டது. குழி வெட்டியவர்கள்கூட எதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

"மாடு போனதக்கூடத் தாங்கிக்கிருவேன். நான் காத அறுத்தேனாம்ல உசுரோட? கன்னுக்குட்டியா வாங்கி வளத்த மாடும்மா" என்றார் என்னிடம். அவர் அழவில்லை. கோபமாகத்தான் இருந்தார். அண்ணாச்சி அவர் கண்ணில் படாமல் நூல் கடையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

தள்ளுபடியான கோரிக்கைகளை நேரில் விசாரிக்க மேலதிகாரி அருப்புக்கோட்டைக்கு வந்தார். கெட்டவர் இல்லை. நாள் முழுக்க மாட்டுக் கதைகளைக் கேட்டுக் களைத்த மனிதர். அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னார். டேப்லெட்டில் படத்தைத் திறந்து மேஜைமேல் நிமிர்த்திச் சாய்த்து வைத்தார்.

"மாடு நிக்குதேம்மா."

"செத்த மாடு எப்படி சார் நிக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்." பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "நீங்கதானே எடுத்தீங்க? படம் சரியா இருக்கா?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அதாவது சார், அன்னைக்குக் காத்து..."

"காத்தெல்லாம் விடுங்க. உங்க படம் ஒண்ணுகூடக் கோணல் இல்லன்னு மதுரையில எந்திரிச்சு நின்னு சொன்னீங்க. படம் நேர்ன்னா மாடு நிக்குது. மாடு நின்னா இந்தம்மா பொய் சொல்றாங்க. படம் நேரா, கோணலா?"

கீழே நூல் கடையில் யாரோ மூட்டையை இழுக்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சிக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. டேப்லெட்டில் இருந்த பசுவைப் பார்த்தார்.

"கோணல் சார்" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது.

"நான் கோணலா எடுத்துட்டேன். இது மட்டுமில்ல. நான் எடுக்குறது பூராமே கோணல்தான். இந்தப் பிள்ளை எத்தனையோ தடவ சொல்லுச்சு, நான்தான் கேக்கல. இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. என்னைய வேலையவிட்டு எடுக்குறதுன்னா எடுத்துக்கங்க."

வாழ்நாளில் முதல் தடவையாக ஒப்புக்கொண்டார். துரதிர்ஷ்டம், அதிகாரி நம்பவில்லை.

"பரிதாபப்பட்டு அவங்களுக்காகப் பேசுறீங்க. நேத்து வரைக்கும் நேர், இன்னைக்குக் கோணலா?"

"இல்ல சார், நெசமாவே கோணல் சார்!" அண்ணாச்சி கெஞ்சினார். "யாரைவேணாக் கேளுங்க சார்!"

நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஆமாம் சார்" என்றோம். அதிகாரிக்கு இது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. அலுவலகமே கூட்டுச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அதுவரை படத்தைப் பார்க்க மனமில்லாமல் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த அந்தப் பெண், எழுந்து டேப்லெட்டின் பக்கத்தில் வந்து குனிந்தார். பசுவின் முகத்துக்கு நேரே, படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன சார்?"

இரண்டு பாதங்கள். கணுக்கால் மேல் சேலைக் கரை. நாங்கள் எல்லாரும் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனித்ததே இல்லை. பாதங்கள் தரையில் ஊன்றவில்லை. படத்தின் விளிம்பிலிருந்து குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தன.

"இது என் காலு. மாட்டுத் தலைமாட்டுல நான் நின்னேன்." செருப்பைக் கழற்றி, காலை முன்னால் வைத்து மெட்டியைக் காட்டினார். "மாடு நிக்குதுன்னா, நான் என்ன பல்லியா சார், செவுத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு?"

அதிகாரி கழுத்தைச் சாய்த்தார். டேப்லெட்டைத் திருப்பினார், படமும் கூடவே திரும்பியது. மறுபடி திருப்பினார். என் அப்பாவின் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கடைசியில் அவர் டேப்லெட்டை மேஜைமேல் படுக்கவைத்துவிட்டு, எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போய் நின்று பார்த்தார். நாங்களும் ஒவ்வொருவராக அவர் பின்னால் போய் நின்றோம்.

சுவர் வயலாக மாறிவிட்டது. பசு செத்துக் கிடந்தது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. தலைமாட்டில் அந்தப் பெண்ணின் பாதங்கள் நேராக, பக்கத்தில் பக்கத்தில், மண்ணில் ஊன்றி நின்றன. இத்தனை நாள் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தது ஒரு செத்த மாட்டின் படத்தைப் பார்த்து என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினார். அண்ணாச்சி அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு, "நீங்களும் குடிங்கண்ணே, ரொம்ப வேர்க்குது" என்றார் அவர்.

கோரிக்கை அங்கேயே அனுமதிக்கப்பட்டது. அண்ணாச்சிக்கு வேலை போகவில்லை. இனி ஒரு படம் சாய்ந்தாலும் போய்விடும் என்று எச்சரிக்கை மட்டும்.

அதன்பின் கொஞ்ச நாள் அவர் வாயைத் திறக்கவே இல்லை. மாடுகளோடு பேசினாரா என்பது தெரியாது. பிறகு ஒரு மதியம் பால் கவரிலிருந்து போனை உருவிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "அந்த நிமித்துற வித்தைய இன்னொருக்கச் சொல்லு" என்றார், சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்தபடி. மேஜைக்குக் கீழே என் சாப்பாட்டுப் பையை வைத்துப் படம் எடுத்துப் பழகினார். பை நேராக வந்தது. இதை ஒரே வாரத்தில் காரியாபட்டிப் பக்கத்துக் களப் பணியாளர்களுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார். அவர்களில் ஒருவர் எனக்கு போன் செய்து, "ஒங்க அண்ணாச்சி ஒரு முறை கண்டுபுடிச்சிருக்காரே, அருமைம்மா" என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் கிளை இல்லை. நூல் கடை மாடியையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. அண்ணாச்சி வேறு கம்பெனிக்காக ராமநாதபுரம் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது திருச்சுழிக்கு அப்பால் அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

அந்தப் பெண் புதிதாக ஒரு கிடேரி வாங்கியிருந்தார். அதன் காதில் கம்மல் மாட்டப் போகும்போது, "நீயும் வா தாயி, மாட்ட ஒரு தடவையாச்சும் நேர்ல பாரு" என்று என்னையும் பைக்கில் அழைத்துப் போனார் அண்ணாச்சி. கருவேல மரத்தடியில் செவலைக் கிடேரி நின்றிருந்தது. பத்துப் பேராவது கூடியிருப்பார்கள். காதை அறுத்தாள் என்று பேசியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். இப்போது எல்லார் முகத்திலும் கல்யாணக் களை.

கம்மலை மாட்டினார். போனை எடுத்தார். சூடம் காட்டுவது போல முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து, திரையை உற்றுப் பார்த்து, குறிகள் நேராக நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லச் சாய்த்தார். எடுத்தார். உடனே பைக்குள் போடாமல் எடுத்த படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. முதலில் என்னிடம் காட்டினார், பிறகு கிடேரியிடம் காட்டினார், பிறகு அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"பாருத்தா. எப்படி இருக்கு?"

அவர் போனைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா நேரா இருக்குண்ணே. ஆனா காதக் காணோமே? கம்மலு எங்க?"

எட்டிப் பார்த்தேன். கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. நேராக நின்ற, தலையில்லாத கிடேரி. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி வாயைத் திறந்தார். எந்தக் காரணம் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வெயில் இருந்தது, காற்றும் கொஞ்சம் இருந்தது. கிடேரி குனிந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

வாயை மூடிக்கொண்டார். போனை வாங்கி, கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றார்.

"எடுத்தது சரியில்லத்தா. இன்னொண்ணு எடுத்துக்கிருவோம்" என்றார்.